கால் மணி நேர ஆயில்யம்

எங்கள் டவுன்ஷிப்பில் சரியான நேரம் காட்டும் சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருந்தால் அந்த வீட்டில் யாரும் மைன்ஸில் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஷிப்ட் பஸ் யாருக்காகவும் நிற்காது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். சிலர் ஐந்து நிமிடம், சிலர் பத்து நிமிடம். எங்கள் வீட்டில் கால் மணி. அப்பா எதிலும் ஒரு படி கூடுதல் ஜாக்கிரதை. சுவரில் இருப்பது, அலாரம் அடிப்பது, அப்பா கையில் கட்டியிருப்பது எல்லாமே கால் மணி முந்தி ஓடும்.

முந்தி ஓடுகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் எல்லோரும் கழித்துக்கொள்வோம். ஏழே கால் என்று காட்டினால் ஏழு. இதற்கு யோசிக்கவே தேவையில்லை, கண் பார்க்கும்போதே கழித்துவிடும். எனக்கும் அக்காவுக்கும் பள்ளிக்கூடத்தில் கூட்டல் சொல்லித் தருவதற்கு முன்பே கழித்தல் வந்துவிட்டது. எப்படியும் கழித்துத்தான் பார்க்கிறோம், அப்புறம் எதற்கு முந்தி வைக்க வேண்டும் என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். "இத்தன வருஷத்துல ஒரு நாளாவது பஸ்ஸ விட்டிருக்கேனா?" என்றார். விட்டதில்லைதான்.

போன வருடம் அக்காவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததற்கு இந்தக் கால் மணிதான் காரணம். இதுவும், கொஞ்சம் நானும்.

அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை. மூன்று வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரியும். ஆனாலும் எல்லோருமாகச் சேர்ந்து, யாரோ சொல்லி வந்த வரன் போல அதை நடத்திக்கொண்டிருந்தோம். பெண் பார்க்க வந்த அன்று, "பொண்ண புடிச்சிருக்காப்பா?" என்று அப்பா கேட்டதற்கு அவர், "நல்லா இருக்காங்க" என்று புதிதாகப் பார்ப்பவர்போலத் தலையைக் குனிந்தார். நான் சமையலறைக்குள் ஓடிப்போய் வாயில் முந்தானையை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. என்னிடம் முந்தானை இல்லாததால் அம்மாவுடையதை.

மாப்பிள்ளைக்கு ஊர் பண்ருட்டி. அவருடைய அம்மா அங்கே பலாப்பழ மண்டி நடத்துகிறார். அந்த அம்மாளுக்குக் காதலில் ஆட்சேபம் இல்லை, சாதகத்தில்தான் ஆட்சேபம் வரலாம் என்றார். அக்கா பிறந்தபோது அப்பா எழுதி வாங்கிய சாதகத்தை எடுத்துக் கொடுத்தோம். மகம் நட்சத்திரம், முதல் பாதம் என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

"கையால எழுதுனதுங்களா?" என்று அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கையால எழுதுனா தப்பு வரத்தாங்க செய்யும். கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுங்க. அது பொய் சொல்லாது."

அப்பாவுக்கு ஒரே பெருமை. "அதுக்கென்னங்க, எதிர் குவார்ட்டர்ஸ்லயே நம்ம ஆள் இருக்காரு."

எதிர் குவார்ட்டர்ஸில் இருக்கும் அங்கிள், நிலக்கரி ஏறிப்போகும் கன்வேயர் பெல்ட்டை இயக்கும் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்து வந்து குளித்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவார். அதில் சாதகம் கணிக்கும் மென்பொருள் ஒன்று வைத்திருக்கிறார். எங்கள் பிளாக்கில் பிறக்கிற குழந்தைகளுக்கும் வரன் பார்க்கிறவர்களுக்கும் அவர்தான் சாதகம் போட்டுக் கொடுப்பார். கைம்மாறு எதுவும் வாங்கமாட்டார். பிரிண்டரில் மஞ்சள் மை தீர்ந்து வெகுநாளாகிவிட்டதால் எல்லோருடைய வியாழனும் ஊதாவாகத்தான் வரும். அது ஒன்றுதான் குறை.

அப்பா அங்கிளிடமிருந்து வாங்கிய தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் உறையில் போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பண்ருட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். புதன்கிழமை காலை போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆயில்யம்னு போட்டிருக்குதுங்களே."

"மகம்ங்க" என்றார் அப்பா.

"எனக்குப் படிக்கத் தெரியும்ங்க. ஆயில்யம், நாலாம் பாதம். அந்த நட்சத்திரத்துல பொண்ணு எடுத்தா மாமியாருக்கு ஆவாதுன்னு சொல்லுவாங்க. மத்தவங்களா இருந்தா நானும் போனா போவுதுன்னு வுட்டுடுவேன். இங்க மாமியாரு நான்தானுங்க."

அப்பா வாயைத் திறப்பதற்குள் அவரே முடித்தார். "ஞாயித்துக்கெழம நானே வர்றேன். அந்தக் கம்ப்யூட்டர என் கண்ணால பாக்கணும். அப்பவும் ஆயில்யம்னுதான் வந்துச்சின்னா மனசுல வெச்சிக்காதீங்க. திங்கக்கெழம குள்ளஞ்சாவடியில ஒரு பொண்ணு பாக்க வரச்சொல்லிகினு இருக்காங்க."

பத்து நிமிடத்தில் சென்னையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். அக்கா அழமாட்டாள், அதட்டுவாள்.

"ஏய், நீ கம்ப்யூட்டர்தானே படிச்ச?"

"கம்ப்யூட்டர் படிச்சேன். சாதகம் படிக்கல."

"கம்ப்யூட்டர்லதான் கோளாறு. ஞாயித்துக்கெழமைக்குள்ள அதச் சரி பண்ணு. இல்லன்னா நான் இங்கயே ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயிடுவேன், அம்மா ஒரு வருஷம் என்கூடப் பேசமாட்டாங்க, அந்த ஒரு வருஷமும் உன்கூடத்தான் பேசிக்கிட்டிருப்பாங்க. யோசிச்சுக்கோ."

யோசித்தேன். உடனே ஒப்புக்கொண்டேன்.

மென்பொருளைச் சோதிப்பதுதான் என் வேலை. கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே செய்கிறேன். யாரோ எழுதியதில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துச் சொன்னால் சம்பளம். ஆகவே தன்னம்பிக்கைக்குக் குறைவே இல்லை. "அர மணி நேரம் போதும் அங்கிள்" என்றுதான் வியாழக்கிழமை உள்ளே நுழைந்தேன்.

முதலில் அங்கிளின் மென்பொருளை என் மடிக்கணினியிலும் ஏற்றினேன். அதே பதிப்பு. அக்கா பிறந்த தேதி, பிறந்த நேரம் காலை ஆறு பத்து, பிறந்த ஊர் எல்லாம் ஒன்றுபோலக் கொடுத்தேன். என்னுடையதில் மகம் வந்தது. அங்கிளுடையதில் ஆயில்யம் வந்தது. மறுபடி கொடுத்தேன். மகம், ஆயில்யம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினோம். மகம், ஆயில்யம்.

"ரெண்டு கம்ப்யூட்டருக்கும் பொருத்தமே இல்லியேம்மா" என்றார் அங்கிள். அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கவலைப்பட்டார்.

ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பார்த்தேன். ஒன்றுதான். அயனாம்சம் என்று ஒன்று உண்டு, வானத்தை எந்தப் புள்ளியிலிருந்து அளக்கத் தொடங்குவது என்கிற கணக்கு. அதில் பத்துப் பன்னிரண்டு வகை இருக்கின்றன. அதுவும் ஒன்றுதான். அங்கிளின் கம்ப்யூட்டரிலிருந்து மென்பொருளை வேரோடு நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். ஆயில்யம். வைரஸ் இருக்குமோ என்று துழாவினேன். ஏழு வைரஸ் இருந்தது. ஏழையும் கொன்றேன். கம்ப்யூட்டர் வேகமாக ஓடத் தொடங்கி, முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஆயில்யம் என்றது.

வெள்ளிக்கிழமை, மென்பொருள் தன் அமைப்புகளையெல்லாம் எழுதி வைத்திருக்கும் கோப்பை இரண்டு கணினியிலும் திறந்து, வரிக்கு வரி ஒப்பிட்டேன். அங்கிள் தன்னுடையதை வாசிப்பார், நான் என்னுடையதில் டிக் போடுவேன். "எழுத்து அளவு பன்னெண்டு." டிக். "மொழி தமிழ்." டிக். "நேர மண்டலம், கணினியில் உள்ளபடி." என்னுடையதிலும் கணினியில் உள்ளபடி என்றே இருந்தது. டிக். இன்றைக்கு நினைத்தாலும் அந்த டிக்கை நாக்கால் அழிக்கலாம்போல இருக்கிறது. ஒரே சொற்கள் என்றால் ஒரே விஷயம் என்று எடுத்துக்கொண்டேன். உன் கணினியில் உள்ளது என்ன, என் கணினியில் உள்ளது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் ஆன்ட்டி கம்ப்யூட்டருக்குத் திருஷ்டி கழித்தார். காய்ந்த மிளகாயை மானிட்டரைச் சுற்றி மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டார். மூன்று பேரும் இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தோம். ஆயில்யம்.

சனிக்கிழமை நான் கொஞ்சம் கீழே இறங்கினேன். பிறந்த நேரத்தை நிமிடம் நிமிடமாக ஏற்றிப் பார்த்ததில், எட்டு நிமிடம் கூட்டினால் அங்கிளின் கம்ப்யூட்டரிலும் மகம் வந்துவிடுகிறது என்று தெரிந்தது.

"அங்கிள், வெறும் எட்டு நிமிஷம். ஆறு பதினெட்டுன்னு போட்டுடலாமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் பெல்ட்டுல ஒரு பட்டன தப்பா அமுக்கினா கரி கொட்டும், வாரிக்கலாம். நீ சந்திரனையே நவுத்தச் சொல்றியேம்மா. அப்பறம் நான் எந்த மூஞ்ச வெச்சிகினு ராகு காலம் பாப்பேன்?"

வீட்டுக்குத் திரும்பினேன். அக்காவுக்கு, "முயற்சி நடக்கிறது" என்று செய்தி அனுப்பினேன். அவள் குள்ளஞ்சாவடி பஸ்ஸின் படத்தைப் பதிலாக அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளையின் அம்மா ஒரு முழுப் பலாப்பழத்தோடு வந்து இறங்கினார். வேண்டாம் என்று சொல்ல வந்தாலும் வெறுங்கையோடு வரமாட்டார்களாம். நேராக எதிர்வீட்டுக்குப் போனோம். அங்கிள், ஆன்ட்டி, அப்பா, அம்மா, நான் எல்லோரும் சுற்றி நிற்க, அவர் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசைக்கடியில் இருந்த பெட்டியை விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டி, காது கொடுத்துக் கேட்டார். பலாப்பழம் பழுத்திருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பாராம்.

"உள்ள ஒண்ணும் பெருசா இல்லபோல இருக்குதே."

"அதெல்லாம் எட்டு ஜிபி இருக்குங்க" என்றார் அங்கிள், மனம் புண்பட்டு.

அங்கிள் நேரத்தைத் தட்டினார். எல்லோரும் பார்த்தோம். ஆயில்யம், நாலாம் பாதம்.

அந்த அம்மாள் என் அம்மாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "நானும் ஆயில்யந்தாங்க. நான் வாக்கப்பட்டு வந்த மூணாம் மாசம் எங்க மாமியாரு கெணத்தடியில வழுக்கி இடுப்ப ஒடச்சிக்கினாங்க. தெருவே என்னத்தான் பாத்துச்சி."

"ஐயோ, போயிட்டாங்களா?" என்றாள் அம்மா.

"எங்க போனாங்க? படுத்துகினே இருவத்தாறு வருஷம் இருந்தாங்க. தண்ணி சூடு பத்தல, கொழம்புல உப்பு பத்தல. யாருக்கு ஆவாதுன்னு நீங்களே சொல்லுங்க." அவர் எழுந்தார். "அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நாள பின்ன எனக்கு ஒரு தலவலி வந்தா ஊரு அத பாக்கும். நான் பட்டது அது படக்கூடாது. நான் கெளம்பறேன். பதினொன்னர பஸ்ஸு. மணி என்னா ஆவுது?"

கம்ப்யூட்டரின் கீழ் மூலையைப் பார்த்தேன். "பதினொண்ணு பத்துங்க."

அவரும் குனிந்து பார்த்தார். "ஏம்மா, அதுல பதினொன்னு இருவத்தஞ்சுன்னு போட்டிருக்குது."

"ஆமாங்க. கழிச்சிக்கணும்."

"எத கழிச்சிக்கணும்?"

"கால் மணி. இது பாஸ்ட்டா ஓடும்."

"கம்ப்யூட்டருமா?"

"இங்க எல்லாமே அப்படித்தாங்க" என்றார் அப்பா. "ஷிப்ட் பஸ்ஸுக்காக."

"பொய்யே சொல்லாதுன்னு நான் நெனச்சிகினு இருக்கேன்," என்றார் அந்த அம்மாள், "மணியவே பொய் சொல்லுதே."

நான் திரையருகே குனிந்தேன். மூன்று நாளாக அந்த மூலையை நூறு தடவை பார்த்திருக்கிறேன். நூறு தடவையும் கண் தானாகக் கழித்துக்கொண்டது. ஆனால் இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டரின் கடிகாரம் முந்தி ஓடாது. தள்ளி வைத்தாலும் தானே திருத்திக்கொள்ளும். இது ஏன் திருத்திக்கொள்ளவில்லை?

"அங்கிள், இத யாரு பாஸ்ட்டா வெச்சா?"

"நீதானம்மா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி. சாதகத்துல உக்காந்தா மணி போறது தெரியாம பஸ்ஸ வுட்டுடறேன், கடிகாரத்தத் தள்ளி வெச்சாலும் அது திரும்பிப் போயிடுதுன்னு சொன்னேன். நீ வந்து ரெண்டே நிமிஷத்துல ஏதோ பண்ணிட்டுப் போன. அன்னையிலேருந்து நின்னு வேல செய்யிது. ஆன்ட்டி கேசரிகூடக் குடுத்துச்சே."

கேசரி ஞாபகம் இருந்தது. முந்திரி நிறைய. செய்ததுதான் சுத்தமாக மறந்துபோயிருந்தது. நேர மண்டலங்களின் பட்டியலைத் திறந்தேன். எந்த ஊர் நேரப்படி ஓடவேண்டும் என்று அதில்தான் கணினிக்குச் சொல்லவேண்டும். சென்னை என்று இருக்கவேண்டிய இடத்தில் காட்மாண்டு என்று இருந்தது. நேபாளத்தின் நேரம் நம் நேரத்தைவிடச் சரியாகக் கால் மணி முந்தியது. இணையம் எவ்வளவு திருத்தினாலும் காட்மாண்டுவின் சரியான நேரத்துக்குத்தான் திருத்தும். அன்று இதைக் கண்டுபிடித்ததும் என் மூளையை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். சாதக மென்பொருளோ யாரிடமும் கேட்காமல், திரையில் எங்கும் காட்டாமல், அந்த ஊர் நேரத்தையே எடுத்துக்கொண்டு கணித்துவந்திருக்கிறது. முக்கால்வாசிப் பேருக்குக் கால் மணியில் நட்சத்திரம் மாறாது. அக்கா சந்திரன் வாசலைத் தாண்டுகிற நேரமாகப் பார்த்துப் பிறந்திருக்கிறாள்.

சென்னை என்று மாற்றினேன். மென்பொருளை மூடித் திறந்து நேரத்தைக் கொடுத்தேன். மகம், முதல் பாதம்.

அம்மா சுவாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"திருப்பி வை."

காட்மாண்டு. ஆயில்யம்.

"இப்ப நம்மூருக்கு வை."

சென்னை. மகம். மூன்று தடவை அப்படிச் செய்யவைத்தார். கடைசியில் தெளிவாகச் சொன்னார். "அப்போ நேபாளத்து மணி ஆறு பத்துக்குப் பொறந்த ஒரு பொண்ணுக்கு இது சாதகம் போட்டுகினு இருந்திருக்குது."

"ஆமாங்க."

"அந்தப் பொண்ணோட மாமியாரு அங்கயே பத்திரமா இருக்கட்டும். எங்க வூட்டுக்கு மகம்தான் வருது." பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா கல்யாணத்த நிறுத்தறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஏற்பாடு பண்ணி வெச்ச தங்கச்சிய நான் இப்பத்தான் பாக்கறேன்."

பலாப்பழத்தை எங்கள் வீட்டிலேயே வெட்டினோம்.

அங்கிள் அந்த வாரம் முழுக்க, இரண்டு வருடமாகப் போட்ட சாதகங்களை எல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தார். மூன்று பேருக்கு லக்கினம் மாறியிருந்தது. மூவருக்கும் கல்யாணம் ஆகி, ஒருவருக்கு இரட்டைக் குழந்தைகள். "நல்லாத்தான இருக்காங்க. நாம போயி எதுக்குச் சொல்லிகினு" என்று தாள்களை மடித்து வைத்துவிட்டார். பஸ்ஸுக்காக மானிட்டரின் தலைமேல் ஒரு சின்ன அலாரம் கடிகாரத்தை டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். கால் மணி முந்தி.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில் நடந்தது. தட்டு மாற்றுவதற்கு நல்ல நேரம் பத்து முப்பதிலிருந்து பன்னிரண்டு. இரண்டு பக்கமும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாயிற்று. அக்கா பட்டுப்புடவையில், மாப்பிள்ளையை முன்பின் பார்த்திராதவள்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கையைத் திருப்பி மணி பார்த்தார். பக்கத்திலிருந்த மாப்பிள்ளையின் அம்மாவும் பார்த்தார்.

"சம்பந்தி, உங்க வாட்ச்சும் கால் மணி பாஸ்ட்டுதானா?"

"வேலைக்குச் சேந்த நாள்லேருந்து" என்றார் அப்பா பெருமையாக. "மொத மாசச் சம்பளத்துல வாங்கினது. இவ பொறந்தப்போகூட வெளிய நின்னுக்கிட்டு இதுலதான் மணி பாத்து எழுதினேன். ஆறு பத்து."

அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். நான் மட்டும் அந்த வாட்ச்சையே பார்த்தேன்.

"எழுதறப்ப கழிச்சிட்டுத்தான எழுதினீங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "பதட்டத்துல இருந்தேன்" என்றார். "கழிச்சிருப்பேன். கழிச்சேனா..."

ஆறு பத்தில் கால் மணியைக் கழித்தால் ஐந்து ஐம்பத்தைந்து. மூன்று நாள் அந்த எண்களோடு குடித்தனம் நடத்தியதில், மகம் பிறப்பது காட்மாண்டு மணியில் ஆறு பதினெட்டுக்கு, நம் மணியில் ஆறு மூன்றுக்குத்தான் என்பது எனக்கு மனப்பாடம். அப்பா கழிக்காமல் எழுதியிருந்தால் அக்கா ஆயில்யமேதான். காட்மாண்டு சொன்னதுதான் சரி. அங்கிளுக்கும் அது புரிந்துவிட்டது, கையிலிருந்த காபி தம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா உத்தரத்தைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. லாரி லாரியாக இறங்கும் பலாப்பழத்தைத் தாள், பேனா இல்லாமல் மனக்கணக்கில் பிரித்து அனுப்புகிறவர். ஐந்து ஐம்பத்தைந்துக்கு அவர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். பிறகு குனிந்து அக்காவைப் பார்த்தார். அக்கா இப்போது நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், நடிப்பையெல்லாம் மறந்துவிட்டு.

"எனக்கு இந்தக் கழித்தல் கணக்கெல்லாம் வராதுங்க" என்றார் அந்த அம்மாள். "தட்ட எடுங்க. நேரம் ஆவுது."

"எந்தக் கடிகாரத்துலங்க?" என்று அங்கிள் கேட்டார். அவர் கடமை அது.

"எதுலயாவது பாருங்க."

அங்கிள் தன் கையைப் பார்த்தார். அப்பா தன் வாட்ச்சைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். மூன்றும் மூன்று வெவ்வேறு நேரம் காட்டின. நல்ல நேரம் மூன்றிலும் இருந்தது.

கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. அத்தை, அதாவது அக்காவின் மாமியார், நன்றாக இருக்கிறார். போன மாதம் அவருக்கு ஜலதோஷம் என்று கேள்விப்பட்டு மாத்திரை, தைலம், ஆவி பிடிக்கும் கருவி எல்லாம் வாங்கிக்கொண்டு பண்ருட்டிக்கு ஓடினேன். மண்டியில் பழம் தட்டிக்கொண்டிருந்தவர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெறும் தும்மலுதாம்மா" என்றார். "நீ இன்னும் கழிச்சிகினே இருக்கியா?"